ரிப்போர்ட்டில் மரபணுவின் பெயர் வந்த பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் அரிதாக வரும் புற்றுநோய்களைக் கவனிக்கும் பிரிவில் நீ சேரப்போவதாகக் கேள்விப்பட்டேன். மிகவும் மகிழ்ச்சி. நான் நோயியல்காரி. ஸ்லைடு பார்த்தே காலம் போனது. அதனால் என் அறிவுரையும் நுண்ணோக்கியிலிருந்துதான் தொடங்கும்.

உன் மேசைக்கு வரும் ஜீன் பேனல் ரிப்போர்ட்டில், முதல் பக்கத்திலேயே ஒரு பிறழ்வின் பெயரும் அதற்கு எதிரே ஒரு மருந்தின் பெயரும் இருக்கும். நோயாளியின் கணவரோ மகனோ அந்த மருந்தை ஏற்கெனவே போனில் தேடிப் படித்திருப்பார். அந்த ரிப்போர்ட்டை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளாதே. இந்தப் பிறழ்வு எதைச் சொல்கிறது என்று முதலில் கேள். சில பிறழ்வுகள் நோய் இன்னதென்று சொல்லும். சில மருந்தைக் காட்டும். சில, எதிரே உட்கார்ந்திருப்பவளைத் தாண்டி அவள் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்.

சினைப்பையில் வரும் கிரானுலோசா செல் கட்டியை எடுத்துக்கொள். 2009இல் கனடாவின் வான்கூவரில் டேவிட் ஹன்ட்ஸ்மன் குழுவினர் நான்கு கட்டிகளின் ஆர்என்ஏவை வரிசைப்படுத்தினார்கள். நான்கிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில் அதே இடத்தில் அதே ஓர் எழுத்து மாறியிருந்தது. பிறகு பெரியவர்களுக்கு வரும் வகையில் இன்னும் 89 கட்டிகளைச் சோதித்தபோது, 86இல் அதே மாற்றம். நான் அறிந்தவரை ஒரு நோய்க்கு இவ்வளவு சுத்தமான அடையாளம் கிடைப்பது அபூர்வம். ஆனால் அந்த மாற்றத்தையே நேராகத் தாக்கும் மருந்து எதுவும் வழக்கமான சிகிச்சைக்கு வந்து சேரவில்லை. அதனால் அந்தச் சோதனை வீண் என்று நினைத்துவிடாதே. ஸ்லைடில் நம்மைக் குழப்பும் கட்டி எதுவென்று அது தீர்த்துவைக்கிறது. இந்த நோய் இருபது வருடம் கழித்துக்கூடத் திரும்பும். பெயர் உறுதியானால்தான் அந்தப் பெண்ணை ஐந்து வருடத்தில் 'இனி வர வேண்டாம்' என்று அனுப்பாமல், ரத்தத்தில் இன்ஹிபின் அளவைப் பார்த்துப் பார்த்துத் தொடர்ந்து கவனிப்பாய்.

இருபது வயதுகளில் இருக்கும் பெண்ணுக்குச் சினைப்பையில் வேகமாக வளரும் கட்டி, ரத்தத்தில் கால்சியமும் ஏறியிருக்கிறது என்றால், பேனல் ரிப்போர்ட் வரும்வரை காத்திராதே. கால்சியம் ஏறும் வகைச் சிறுசெல் புற்றுநோயாக இருக்கலாம். அதன் வேர் ஸ்மார்கா4 மரபணுவில் இருப்பதை 2014இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் கண்டன. அந்த மரபணு உண்டாக்கும் பிஆர்ஜி1 என்ற புரதம் கட்டியின் செல்களில் காணாமல் போயிருக்கும். அதை ஓர் இம்யூனோ சாயத்திலேயே பார்த்துவிடலாம், செலவும் குறைவு. பணம் இல்லாத வீட்டுக்கும் நல்ல மருத்துவம் தர முடிகிற இடம் இது. கேட்க வேண்டிய சாயத்தை நீ எங்களிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

மருந்தையே காட்டும் பிறழ்வும் உண்டு. குறைந்த தர சீரஸ் சினைப்பைப் புற்றுநோய் மெல்ல வளரும், கீமோவுக்கு அதிகம் மசியாது. கேராஸ், பிராஃப் மரபணுக்களின் வழியாக ஓடும் சமிக்ஞை அதைத் தூண்டுவது தெரிந்த பிறகு, திரும்பி வந்த நோயில் டிராமெடினிப் மாத்திரையை 260 பெண்களிடம் வழக்கமான சிகிச்சைகளோடு ஒப்பிட்டார்கள். நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு 7.2 மாதத்திலிருந்து 13 மாதமானது. 2025 மே மாதம் கேராஸ் பிறழ்வு இருந்து மீண்டும் வந்த நோய்க்கு, அவுடோமெடினிப், டிஃபாக்டினிப் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்கா விரைவு ஒப்புதல் தந்தது. அதற்கு ஆதாரமான 57 பெண்களில் 44 சதவீதத்தினருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அரிய நோயில் இந்தச் சிறிய எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. அதை நோயாளியிடம் மறைக்காதே. இந்த மருந்துகள் கண்ணைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் டாக்டரைப் பார்க்கச் சொல். இதே நோய்க்கு லெட்ரோசோல் என்ற மலிவான ஹார்மோன் மாத்திரையும் வேலை செய்வதுண்டு என்பதை மறந்துவிட்டு, ஒரு குடும்பத்தை நகை அடகு வைக்க அனுப்பாதே. 'முக்கியத்துவம் உறுதியாகவில்லை' என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும் மாற்றத்துக்காக யாருக்கும் எந்த மருந்தும் எழுதவே கூடாது.

ஒரு விஷயத்தை அவசரத்தில் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்மார்கா4, டைசர்1 போன்றவற்றில் பிறழ்வு வந்தால் அது கட்டியில் மட்டும் இருக்கிறதா, பிறவியிலேயே வந்ததா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். டைசர்1 செர்டோலி-லேடிக் கட்டிகளில் வரும். அது பிறவியிலேயே இருக்கும் குடும்பத்தில் சின்னக் குழந்தைகளுக்கு நுரையீரலில் கட்டி வரலாம், தைராய்டிலும் வரலாம். இதை அந்தப் பெண்ணிடம் சொல்வது கடினம். தன் நோயைத் தாங்குவதே பெரும்பாடாக இருக்கும்போது, 'என்னால்தான் பிள்ளைக்கு' என்ற பழியைத் தன்மேல் போட்டுக்கொள்வாள். மாமியார் வீட்டில் யார் என்ன சொல்வார்களோ என்ற பயமும் சேரும். முதலில் அவளிடம் தனியாகப் பேசு. யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவளே முடிவு செய்யட்டும். மரபணு ஆலோசகரையும் அன்றைக்கே கூப்பிட்டு வை. பேசி முடித்ததும், குழந்தைக்கு எந்த மாதம் எந்த ஸ்கேன் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடு.

கட்டித் திசுவின் பிளாக்குகளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். சந்தேகம் வந்தால் பேனலுக்கு எழுதும் முன்னே என் அறைக்கு வா, ஸ்லைடைச் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா