கடலில்லாத ஊருக்கு ஒரு புயல் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நம் சுரண்டையில் புயல் என்றால் இரண்டு நாள் மழை, பள்ளிக்கு விடுமுறை, குற்றாலத்தில் குளிக்கத் தடை. மற்றதெல்லாம் கடற்கரைக்காரர்கள் பாடு என்று நினைப்போம். இலங்கையில் நடந்தது வேறு.

2025 நவம்பர் 28 அன்று 'டித்வா' புயல் அங்கே கரை ஏறியது. காற்றின் வேகத்தை மட்டும் பார்த்தால் அது பெரிய புயலே அல்ல. ஆனால் தீவை விட்டு நகர மனமில்லாததுபோல் மெல்ல ஊர்ந்து, மழையைக் கொட்டித் தீர்த்தது. கண்டி, பதுளை, நுவரெலியா பக்கம் மலைச்சரிவுகள் நீரில் ஊறிப் பெயர்ந்து விழுந்தன. தீவு முழுவதும் இறந்தவர்கள் 600 பேருக்கு மேல். தேயிலைத் தோட்டத் தமிழர்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்கள் இருப்பதும் இந்த மலைகளில்தான். அவர்களில் பலருடைய முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பஞ்சம் பிழைக்கப் போனவர்கள்.

உதவி சீக்கிரம் வந்தது. கடற்படை விழாவுக்காகக் கொழும்புக்குப் போயிருந்த இந்தியக் கப்பல்கள் விக்ராந்தும் உதயகிரியும் கையிருப்பிலிருந்த பொருட்களையே இறக்கிக் கொடுத்தன. மஹியங்கனையில் இந்திய ராணுவம் தற்காலிக மருத்துவமனை போட்டது. தமிழ்நாட்டிலிருந்து பருப்பு, சர்க்கரை, பால் பவுடர், வேட்டி, சேலை போயின. ஜப்பான், அமெரிக்கா, அமீரகம், பாகிஸ்தான் என்று பல நாடுகளும் கை கொடுத்தன. வெள்ளம் பாலங்களை அடித்துக்கொண்டு போயிருந்ததால், துண்டு துண்டாகக் கொண்டுவந்து பூட்டும் இரும்புப் பாலங்களும் தேவைப்பட்டன. அரிசி மூட்டையைப் போலவே பாலமும் நிவாரணம்தான். நாம்தான் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எல்லா நாடும் இப்படிக் கதவைத் திறப்பதில்லை. 2008 மே 2 அன்று மியான்மரின் ஐராவதி டெல்டாவை 'நர்கிஸ்' புயல் தாக்கியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் 1,30,000 பேருக்கு மேல். அங்கிருந்த ராணுவ ஆட்சி வெளிநாட்டு நிவாரணக்காரர்களுக்கு விசா கொடுக்காமல் இழுத்தடித்தது. அமெரிக்கக் கப்பல்கள் கடலில் காத்திருந்துவிட்டுத் திரும்பின. ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூன் நேரில் போய்ப் பேசி இணங்க வைப்பதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. இடிபாட்டில் கிடந்தவனுக்கு அது யுகம்.

காசு விஷயத்தையும் கவனி. டித்வாவின் நேரடிச் சேதம் 410 கோடி டாலர் என்றது உலக வங்கி. இந்தியா அறிவித்த மறுசீரமைப்பு உதவி 45 கோடி டாலர். அதில் 35 கோடி சலுகைக் கடன், 10 கோடிதான் மானியம். அடுத்த முறை 'நிவாரணம் அறிவிப்பு' என்ற தலைப்பைப் பார்த்தால், அதில் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டிய பணம் என்று தேடிப் படி.

அன்புடன்,
அண்ணன்