மின்கிதாரின் மிதிபெட்டிகள்: எதை முதலில் வாங்குவது?

கிதார் வகுப்புக்குச் செல்லும் பிள்ளைகள் நம் சங்கக் குடும்பங்களில் பெருகி வருகிறார்கள். வகுப்பில் சேர்ந்து ஓராண்டு ஆனதும் வீட்டில் ஒரு வேண்டுகோள் எழும்: "பெடல் வாங்கித் தாருங்கள்." பெற்றோர் கடைக்குப் போனால், செங்கல்லில் பாதி அளவுள்ள வண்ண வண்ண உலோகப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். சிலவற்றின் விலை, பிள்ளையின் கிதார் விலைக்கே போட்டியாக நிற்கும். தெரியாத பொருளுக்குப் பணம் கொடுக்க யாருக்கும் தயக்கம் வரும். ஆகவே, இந்தப் பெட்டிகள் என்ன செய்கின்றன, எது முதலில் தேவை என்பதைப் பார்ப்போம்.

மின்கிதாரின் கம்பி அதிரும்போது, அதன் அடியில் உள்ள காந்தச் சுருள் அந்த அதிர்வை மிகச் சிறிய மின் அலையாக மாற்றுகிறது. அந்த அலை ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் இடைமறித்து உருமாற்றுவதே பெடலின் வேலை. வாசிப்பவருக்கு இரு கைகளும் வேலையாக இருப்பதால் காலால் மிதித்து இயக்கும்படி செய்தார்கள், அவ்வளவுதான்.

முதல் பணத்தை ட்யூனருக்குக் கொடுங்கள் என்பேன். பிள்ளைகளுக்கு இது பிடிக்காது; இது எந்த ஒலியும் தராத பெட்டி. ஆனால் சுருதி சேராத கிதாருக்கு மற்ற எந்தப் பெட்டியும் உதவாது.

அடுத்தது ஓவர்டிரைவ். ராக் இசையின் கரகரப்பான முழக்கம் இதிலிருந்து வருகிறது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒரு பாடல் பதிவின்போது ஒலிக்கருவி பழுதாகி, கிதார் ஒலி சிதைந்து கேட்டது. அந்தச் சிதைவே பலருக்குப் பிடித்துப்போக, 1962இல் அதை வேண்டுமென்றே உண்டாக்கும் ஃபஸ்-டோன் பெட்டி விற்பனைக்கு வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதைப் பயன்படுத்திய பிறகு உலகமே அதைத் தேடியது. இன்று பெரும்பாலோர் விரும்பும் ஐபனேஸ் ட்யூப் ஸ்க்ரீமர் 1979இல் வந்தது. அதன் சிதைவு சற்று மென்மையானது.

உள்ளே நடப்பது இதுதான்: மலைபோல் எழும் அலையின் உச்சியைப் பெட்டி வெட்டித் தட்டையாக்குகிறது. அப்போது மூல சுரத்தோடு புதிய மேல் சுரங்கள் பல பிறக்கின்றன. இது நமக்குப் புதிதல்ல. தம்புராவின் குதிரைமேல் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகுகிறோமே, அது எதற்காக? கம்பி குதிரையை உரசி, மேல் சுரங்கள் ரீங்கரிக்க வேண்டும் என்பதற்காகத்தான். மின்சாரம் இல்லாத காலத்து எஃபெக்ட் என்று அதைச் சொல்லலாம்.

ஓவர்டிரைவின் பெரிய பயன் வேறொன்று: மீட்டிய சுரம் சீக்கிரம் தேயாமல் நீண்டு நிற்கும். கமகத்துக்கு இது மிகவும் முக்கியம். ஒருமுறை மீட்டிவிட்டு, அந்தச் சுரம் நிற்கும்வரை கம்பியை இழுத்தும் வழுக்கியும் அசைக்கலாம். மின்கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னா, ஜிமி ஹெண்ட்ரிக்ஸை நினைவுகூர்ந்து 2006இல் ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டார். கொச்சியின் மதர்ஜேன் குழுவில் இருந்த பைஜு தர்மஜனின் வாசிப்பிலும் கர்நாடக நெளிவுகளை நன்றாகக் கேட்கலாம்.

ஓவர்டிரைவ் போட்டுக்கொண்டு மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் ஒலி குழம்பிப்போகும். சுரங்கள் ஒன்றோடொன்று மோதி, யாரும் வாசிக்காத ஒலிகளையும் உண்டாக்குவதே காரணம். ச-ப இரண்டை மட்டும் சேர்த்தால் குழப்பம் இல்லை. ராக் கலைஞர்கள் ஓயாமல் ச-ப வாசிப்பதன் ரகசியம் இதுதான்!

வா-வா பெடல் 1966இல் அமெரிக்காவில் பிராட் பிளங்கெட் என்பவர் உருவாக்கியது. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் எழுத்தே போதும். ஒரே சுருதியில் ‘உ’ என்று தொடங்கி, நிறுத்தாமல் ‘ஆ’ என்று வாயைத் திறந்து பாருங்கள். சுருதி மாறவில்லை, வாயின் வடிவம் மட்டுமே மாறியது. உகரம் இதழ் குவித்துச் சொல்வது என்று தொல்காப்பியம் பிறப்பியலில் சொல்லியிருப்பதை நாம் படித்திருக்கிறோம். அந்தக் குவிதலையும் திறத்தலையும் கால்மிதி செய்கிறது. சுவையான பெட்டிதான், ஆனால் அவசரமில்லை, அடுத்த ஆண்டு வாங்கலாம்.

இனி டிலே, அதாவது எதிரொலிப் பெட்டி. திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கு இதைக் கற்க நல்ல வகுப்பறை பொன்முடி. நெடுமங்காடு, விதுரா, கல்லாறு கடந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் இருப்போம். அங்கு 20 டிகிரிக் குளிரில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். எதிரே 103 மீட்டர் தொலைவில் ஒரு பாறைச் சுவர் இருந்தால், நாம் போட்ட சத்தம் போய்த் திரும்ப 0.6 நொடி, அதாவது 600 மில்லி நொடி ஆகும். நிமிடத்துக்கு 100 தட்டு வேகத்தில் ஒரு தட்டின் நீளமும் அதே 600 மில்லி நொடிதான்! 60,000ஐத் தட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் எந்த வேகத்துக்கும் விடை கிடைக்கும். டிலே பெட்டியின் ‘டைம்’ திருகு, அந்தப் பாறையை முன்னும் பின்னும் நகர்த்துகிறது எனலாம்.

எதிரொலிகள் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாதபடி நெருங்கி வந்தால் அது ரிவெர்ப். பத்மநாபசுவாமி கோயிலின் கல் பிராகாரத்தில் நடக்கும்போது குரல் நீண்டு நிற்பதைக் கேட்டிருப்பீர்கள். பல ஆம்ப்ளிஃபயர்களில் இது உள்ளேயே இருப்பதால் தனிப்பெட்டி தேவையில்லை.

நம் நகரத்தில் 2003இல் தோன்றிய அவியல் குழுவை இங்கே குறிப்பிட வேண்டும். 2008இல் வெளிவந்த அவர்களது இசைத்தொகுப்பில் ரெக்ஸ் விஜயனின் கிதார் இத்தகைய ஒலிகளோடு மலையாளச் சொற்களைச் சேர்த்து நிற்கிறது. தாய்மொழிப் பாட்டுக்கு இந்தப் பெட்டிகள் பொருந்தா என்று சொல்பவர்கள் அதை ஒருமுறை கேட்கட்டும்.

பெட்டிகளைக் கோக்கும் வரிசையும் முக்கியம்: கிதார், ட்யூனர், வா-வா, ஓவர்டிரைவ், டிலே, பிறகு ஆம்ப்ளிஃபயர். டிலேயை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் எதிரொலிகளும் சேர்ந்து வெட்டுப்பட்டுக் கூழாகிவிடும். வாங்கும்போது அடாப்டரையும் கவனியுங்கள். பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடுமுனை எதிர்மின். வீட்டில் கிடக்கும் அடாப்டர் பலவற்றில் நடுமுனை நேர்மின். மாற்றிச் செருகினால் பெட்டி கெட்டுப்போகலாம். பாட்டரியில் ஓடும் பெடலாக இருந்தால், வாசித்து முடித்ததும் கிதார் வயரைப் பிடுங்கிவிடுங்கள். வயர் செருகியிருக்கும்வரை பாட்டரி தேய்ந்துகொண்டே இருக்கும்.

டிலே கைக்கு வந்ததும் பிள்ளைகள் ஒரு பயிற்சி செய்யலாம். 100 தட்டு வேகத்தில், தட்டுக்கு ஒரு சுரமாக மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசியுங்கள்; டைம் 600 மில்லி நொடி. ‘ரி’ வாசிக்கும்போது முந்தைய ‘ச’ திரும்பி வந்து அதோடு உரசும். க-ம, ப-த, நி-ச ஆகியவற்றிலும் அப்படியே, காதுக்கு இனிக்காது. அடுத்து மோகனத்தின் ஆரோகண அவரோகணத்தை அதே வேகத்தில் வாசியுங்கள். அங்கே அரைச்சுர இடைவெளியே இல்லாததால் எதிரொலி பெரிதும் இணங்கிப் போகும். மாயாமாளவகௌளைக்கே திரும்ப வேண்டுமானால் ‘லெவல்’ திருகைப் பாதிக்கும் கீழே இறக்கி, டைமை 300க்குக் குறையுங்கள். எதிரொலி அடுத்த சுரம் வருமுன்பே விழுந்துவிடும்.