சரிவில் மரக்கறி போடுமுன்

லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட நினைப்பவர்கள் ஐப்பசி மழைக்கு முன்பே மண்ணைத் தயார் பண்ணிவிடுங்கள். மழை பிடித்த பிறகு கொத்தினால் மேல்மண் ஆற்றோடு போய்விடும்.

முதலில் மட்டம். இரண்டு நீளக் கம்பை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து நூலில் கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் படும் இடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி மறுபடி குறியுங்கள். இரண்டுக்கும் நடுதான் மட்டம். நூல் அதில் நிற்கும்படி சரிவின் குறுக்கே முளை அடித்துக்கொண்டு போனால் அந்த வரியில் பாத்தி. மேலிருந்து கீழாகப் பாத்தி இழுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தண்ணீருக்கு வழி வெட்டிக் கொடுக்கிற வேலை. விளிம்பில் மானா புல்லோ வெட்டிவேரோ நெருக்கி நடுங்கள். போஞ்சி, கோவா, நோக்கோல் உள்பக்கம்.

ஒரு பாத்தி கூடக் கிடைக்குமே என்று பழைய கானை மூடாதீர்கள். லயத்துச் சுவரை ஒட்டிய மண்மேட்டையும் வெட்டாதீர்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்த மீரியபெத்தயில் லயங்கள் மண்ணுக்குள் போனது மழைக்காலத்தில்தான். நிலத்தில் புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இதில் ஒன்றைக் கண்டாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள். பிறகு கிராம சேவகருக்குச் சொல்லுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.