மருந்தும் இல்லறமும்: தயங்காது கூறுங்கள்

மனச்சோர்வு நோயே பாலுறவு நாட்டத்தைக் குறைக்கக்கூடும். அந்நோய்க்கு வழங்கப்படும் செர்ட்ராலின், பராக்சிட்டின் போன்ற மருந்துகளாலும் நாட்டம் குறையலாம், உச்சநிலை தாமதமாகலாம். மனச்சிதைவு நோய்க்கான ரிஸ்பெரிடோன், புரோலாக்டின் என்னும் இயக்குநீரை மிகுவிப்பதால், பெண்களுக்கு மாதவிடாய் தவறுதலும் பால் சுரத்தலும், ஆண்களுக்கு விறைப்புக் குறைவும் நேரலாம்.

இதனைக் கூற நாணி, மருந்தைத் தாமே நிறுத்திவிடுவோர் உளர். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், உறக்கக்கேடு தோன்றலாம். தணிந்த நோயும் மீளலாம். கூறினாலோ வழியுண்டு: மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்கவோ, வேறு மருந்துக்கு மாற்றவோ இயலும்.

இக்குறை எப்போது தொடங்கியது, மருந்துக்கு முன்பும் இருந்ததா என்பதைச் செவிலியரிடம் தனியே கூறுங்கள். உங்கள் தகவல்களின் மறைகாப்பு, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் அளிக்கும் உரிமை. வாழ்க்கைத்துணைவரும் இதனை அன்புக்குறைவு எனக் கருத வேண்டா.