வாவிப் படம் தாளின் நடுவே

வாவியின் மேலுள்ள கல்லடிப் பாலத்தைக் கைபேசியில் எடுத்த படத்தை ஏ4 தாளில் வெள்ளை ஓரத்தோடு அச்சிட வேண்டுமா? கையால் இழுத்து நடுவில் வைக்காதீர்கள், கண் ஏமாற்றிவிடும்.

இலவச மென்பொருளான கிம்ப்பில் திறந்து, 4:3 படத்தின் அகலத்தை முதலில் 3000 பிக்சலாக்குங்கள். பிறகு ‘இமேஜ்’ பட்டியலில் ‘கேன்வாஸ் சைஸ்’. அங்குள்ள சங்கிலிக் குறியை அவிழ்க்க மறக்க வேண்டாம். மறந்தால் உயரமும் தானாக மாறிவிடும். அகலம் 3508, உயரம் 2480 கொடுங்கள். கிடையாக வைத்த ஏ4 தாளுக்கு, 300 டிபிஐயில், இதுதான் அளவு. ‘சென்டர்’, அடுத்து ‘ரீசைஸ்’ அழுத்தினால் இருபக்கமும் 254, மேலும் கீழும் 115 பிக்சல் ஓரம் விழும். ஓரம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், பின்னணி நிறத்தை வெள்ளையாக வைத்து ‘ஃப்ளாட்டன் இமேஜ்’ கொடுங்கள்.

சட்டம் போட்டு மாட்டுவதானால் கீழ் ஓரம் சற்றுக் கூடுதலாக இருப்பதே அழகு. மூலப் படத்தின்மேல் சேமிக்காமல் வேறு பெயரில் சேமியுங்கள்.