காசநோய் மருந்தும் கண் பாதுகாப்பும்

நெசவாளருக்குக் கையைப் போலவே கண்ணும் மூலதனமாகும். சிவப்பு நூலையும் பச்சை நூலையும் பிரித்தறிய இயலாவிடில் பாவும் ஊடையும் குழம்பிவிடும். குலசேகரன்பட்டினத்தில் பனையேறும் தொழிலாளிக்கோ பார்வை மங்குதல் உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே, கண்ணைப் பாதிக்கக்கூடிய ஒரு மருந்தைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

1956-ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய்ச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. காசநோயாளர் வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு குணமடையலாம் என்பதை அந்நிலையம் 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. வீட்டில் மருந்துண்போர் தம் உடல்நிலையைத் தாமே கவனித்துவரும் பொறுப்பும் அதனுடன் சேர்ந்தே வந்தது.

காசநோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் எத்தாம்புடால் ஒன்று. இது 1961-இல் கண்டறியப்பட்டது. இதனை உண்போருள் சிலருக்குப் பார்வை நரம்பில் அழற்சி உண்டாகிறது. இது பெரும்பாலும் மருந்து தொடங்கி இரண்டு மாதங்களுக்குப் பின்னரே தோன்றும். மருந்தின் அளவு மிகுந்தால் அபாயமும் மிகும். இம்மருந்து சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதனை வைத்தியரிடம் முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. ‘மெட்ராஸ் ஐ’ வந்தாற்போலக் கண் சிவப்பதில்லை. பெரும்பாலும் வலியும் இருப்பதில்லை. பார்வை மங்கும், சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றித் தோன்றும். ரிஃபாம்பிசின் என்னும் மற்றொரு மருந்தினால் சிறுநீரும் கண்ணீரும் செம்மஞ்சள் நிறம் பெறுவதுண்டு. அதனால் தீங்கில்லை, அஞ்ச வேண்டாம்.

நாம் செய்யத்தக்கவை யாவை?

1. மருந்து தொடங்குமுன் கண்களைப் பரிசோதித்துக் கொள்ளுதல்.

2. வாரந்தோறும் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் சிவப்பு, பச்சை நூற்கழிகளையும் பத்திரிகையின் சிற்றெழுத்தையும் பார்த்தல். பின்னர் மற்றைக் கண்ணாலும் அவ்வாறே பார்த்தல். இது வைத்தியப் பரிசோதனைக்கு ஈடாகாது. மாறுதலை விரைவில் அறிய உதவும்.

3. மாறுதல் தோன்றின் அன்றே வைத்தியரிடம் செல்லுதல். எத்தாம்புடாலை உடனே நிறுத்தினால் பலருக்குச் சில மாதங்களில் பார்வை திரும்பும். தாமதித்தால் இழப்பு நிலைத்துவிடவும் கூடும்.

4. அச்சத்தினால் எல்லா மருந்துகளையும் தாமே நிறுத்திவிடாதிருத்தல். இடையில் விட்ட காசநோய் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறக்கூடும். எதனை நிறுத்துவது, எதனைத் தொடர்வது என்பதை வைத்தியரே முடிவு செய்தல் வேண்டும்.

மருந்துகளின் தீய விளைவுகளைத் திரட்டி ஆராய 2010-இல் மத்திய அரசு ஒரு திட்டம் ஏற்படுத்தியது. 1800-180-3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நோயாளரும் தெரிவிக்கலாம். ஒருவர் தெரிவிக்கும் செய்தி பலரைக் காக்கும். கூட்டுறவின் தத்துவமும் இதுவேயன்றோ?

அங்கத்தினர் சிந்தனைக்கு: நம் சங்கத்தில் காசநோய்க்கு மருந்துண்போர் எவரேனும் உளரேல், வாரம் ஒருமுறை நூற்கழிகளைக் காட்டி அவருக்கு உதவுபவர் யார்?