ஒதுக்கிய பெட்டியில் உள்ள சரக்கு: அமெரிக்கச் சீட்டுக் கடைகளின் மதிப்பீட்டுக் கணக்கு

ஓடாத சரக்கை என்ன விலைக்கு மதிப்பது என்ற கேள்வி, ஆண்டு முடிவில் இருப்பு எடுக்கும்போது நம் எல்லோருக்கும் வருவதுதான். அடக்க விலைக்கு எழுதினால் ஐந்தொகை அழகாக இருக்கும், பணம் வராது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டால், அதே சரக்கை அடுத்த தெருக்காரர் நல்ல விலைக்கு விற்பதைப் பார்க்க நேரிடலாம். இந்தக் கேள்வியை அன்றாடம் சந்திக்கும் வியாபாரம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. மளிகைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆயினும் அவர்கள் போடும் கணக்கு வணிக அன்பர்களுக்குச் சுவையாக இருக்கும் என்பதால் இவ்விதழில் எடுத்துக்கொண்டோம்.

அது விளையாட்டுச் சீட்டு வியாபாரம். சீட்டு என்றதும் ஏலச்சீட்டையோ ரம்மியையோ நினைக்க வேண்டாம். 'மேஜிக்: தி கேதரிங்' என்பது மந்திரவாதிகள் மோதிக்கொள்வதாகக் கற்பனை செய்து ஆடும் ஆட்டம். கணித அறிஞர் ரிச்சர்ட் கார்ஃபீல்டு உருவாக்க, 'விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டது. சில சீட்டுகள் பூதங்கள், சில மந்திரங்கள், சில நிலங்கள். நிலச் சீட்டு தரும் 'மானா' என்ற சக்திதான் ஆட்டத்தின் செலாவணி. அதைச் செலவழித்தே மற்றச் சீட்டுகளை இறக்க வேண்டும். நிறுவனம் சீட்டுகளை மூடிய பொட்டலமாக விற்கிறது. உள்ளே எது இருக்கும் என்று வாங்குபவருக்குத் தெரியாது. பொட்டலத்துக்கு ஒரு விலை. ஆனால் பிரித்த பிறகு ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு விலை. அந்த இரண்டாவது விலையைக் கடைக்காரர்களும் ஆட்டக்காரர்களும்தான் தங்களுக்குள் தீர்மானிக்கிறார்கள்.

தொடக்கத்தில் இந்த விலைக்கு அளவுகோலாக இருந்தவை இருவர் மோதும் போட்டிகள். கட்டுக்கு 60 சீட்டு, ஒரே சீட்டில் 4 பிரதி வரை, ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. போட்டியில் வென்ற கட்டில் இருந்த சீட்டுக்கு மறுநாளே கிராக்கி. மற்றவை ஆயிரம் சீட்டு இவ்வளவு என்று எண்ணிக்கைக்கு விற்கும் பெட்டிக்குப் போயின.

பிறகு அலாஸ்காவில் நண்பர்கள் கூடிப் பொழுதுபோக்காக ஆடிய ஒரு முறை மெல்லப் பரவியது. இன்று அதற்குக் 'கமாண்டர்' என்று பெயர். வழக்கமாக நான்கு பேர் ஒரே மேசையில் ஆடுவார்கள். கட்டுக்கு 100 சீட்டு. அடிப்படை நிலங்கள் தவிர எதிலும் ஒரு பிரதிதான். ஆளுக்கு 40 உயிர்ப்புள்ளி. 2011-இல் நிறுவனமே இதற்கென ஆயத்தக் கட்டுகளை வெளியிட்டது. மேசையில் ஆள் கூடியதும் பழைய விலைப்பட்டியலின் அடிப்படையே ஆட்டம் கண்டது.

எப்படி என்பதைக் கணக்காகவே பார்ப்போம். 'லைட்னிங் போல்ட்' என்ற மந்திரம் ஒரே ஒரு மானாவுக்கு 3 புள்ளி சேதம் செய்யும். இருவர் ஆட்டத்தில் எதிராளியின் 20-இல் 3 போவது பெரிய அடி. நால்வர் மேசையில் எதிராளிகள் மூவரிடமும் சேர்த்து 120 புள்ளி உள்ளது. அதில் 3 என்பது நூற்றுக்கு இரண்டரை. அதுமட்டுமல்ல, நம் சீட்டு ஒன்றைச் செலவழித்து ஒருவரின் சீட்டு ஒன்றை அழித்தால், நமக்கும் ஒன்று நஷ்டம், அவருக்கும் ஒன்று நஷ்டம். கைகட்டிப் பார்த்திருந்த மற்ற இருவருக்கும் செலவில்லாத லாபம்.

மறுபக்கம், 2002-இல் வந்த 'சைஃபன் மைண்ட்' மந்திரத்தைப் பாருங்கள். 4 மானா. மற்ற ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு சீட்டைக் கைவிட வேண்டும். கைவிட்ட சீட்டு ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு சீட்டு எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் ஒன்று போய் ஒன்று வரும். 4 மானாவுக்கு அது அதிக விலை. நால்வர் மேசையில் அதே 4 மானாவுக்கு மூன்று போய் மூன்று வரும்.

இவ்வியாபாரத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் சீட்டு 'ரிஸ்டிக் ஸ்டடி'. 2000-ஆம் ஆண்டின் 'ப்ராஃபசி' தொகுதியில், எளிதில் கிடைக்கும் சாதாரணச் சீட்டாக வந்தது. எதிராளி மந்திரம் போடும்போதெல்லாம் அவர் 1 மானா கூடுதலாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் நாம் ஒரு சீட்டு எடுக்கலாம். இருவர் ஆட்டத்தில் எதிரில் இருப்பவர் அந்த ஒரு மானாவைக் கட்டிவிட்டுப் போவார். மூன்று பேர் இருக்கும்போது ஒருவர் கட்டுவார், ஒருவர் மறப்பார், ஒருவர் அவசரத்தில் கட்ட முடியாது என்பார். சுற்றுக்கு ஆளுக்கு இரண்டு மந்திரம் என்று வைத்தாலும் ஆறு முறை வசூலுக்கு வழி உண்டு. சில்லறைக் காசுக்குப் பெட்டியில் இருந்த இந்தச் சீட்டு பின்னர் பத்து டாலரைத் தாண்டியது. சீட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

ஆகவே பெட்டியைப் பிரிக்கும் அனுபவசாலி முதலில் வாசகத்தைப் படிக்கிறார். 'ஓர் எதிராளி' என்று உள்ளதா, 'எதிராளி ஒவ்வொருவரும்' என்று உள்ளதா? இந்த ஒரு சொல்லில் மூன்று மடங்கு வித்தியாசம். 'எல்லோரும்' என்று இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். 'ஹவ்லிங் மைன்' என்ற சீட்டு எல்லோருக்கும் முறைதோறும் ஒரு சீட்டு கூடுதலாகத் தரும். விலை கொடுத்தவர் நாம். நமக்கு ஒன்று வரும்போது எதிரணிக்கு மூன்று போகிறது. (ஊருக்கே கடன் கொடுத்து நல்ல பெயர் வாங்கும் அன்பர்கள் நம்மிடையேயும் உண்டு. இந்தச் சீட்டை விரும்பி ஆடுபவர்களும் அங்கே உண்டு.)

கணக்கில் நேராக வராத பலனும் உண்டு. 1997-இன் 'ப்ராபகாண்டா' நம்மைத் தாக்க வரும் பூதம் ஒவ்வொன்றுக்கும் 2 மானா கட்டச் சொல்லும். இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு வேறு வழியில்லை, கட்டித்தான் வருவார். நால்வர் மேசையிலோ காசு கேட்காத வீடு பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே போய்விடுவார். இதற்கு மாறாக, 'அர்மகெடன்' எல்லா நிலங்களையும் அழிக்கும் வலிமையான சீட்டு. ஆனால் பொழுதுபோக்கு மேசையில் அதைப் போடுபவரை அடுத்த வாரம் ஆட்டத்துக்குக் கூப்பிடத் தயங்குவார்கள். வலிமையை மட்டும் பார்த்து விலை போடும் கடைக்காரர் இந்த இடத்தில் ஏமாறுவார்.

விற்பனை வேகத்தையும் பார்க்க வேண்டும். போட்டிக்காரர் ஒரே சீட்டில் நான்கு வாங்குவார். ஆனால் புதிய தொகுதிகளை மட்டும் அனுமதிக்கும் போட்டிகளில், பழைய தொகுதி விலக்கப்பட்டதும் அந்தச் சீட்டுக்குக் கேள்வி குறையும். அது பட்டாசு போலப் பருவச் சரக்கு. நால்வர் மேசைக்காரர் ஒன்றுதான் வாங்குவார். ஆனால் அது பல ஆண்டு அவர் கட்டிலேயே இருக்கும். சந்தையிலிருந்து போன சரக்கு திரும்பி வராததால் விலை மெதுவாக ஏறி நிற்கிறது. மடிந்த, தேய்ந்த சீட்டுக்கு விலை குறைவு என்பது சொல்லாமலே விளங்கும்.

இவ்வளவு இருந்தும், அச்சிடும் இயந்திரம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. 1995-இல் 'க்ரானிக்கிள்ஸ்' என்ற தொகுதியில் பழைய சீட்டுகள் ஏராளமாக மறுபடி அச்சாகி வந்ததும், அவற்றைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் கைப்பொருள் மதிப்பிழந்தது. எதிர்ப்பு வலுத்ததால், குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி அச்சிடுவதில்லை என்று 1996-இல் நிறுவனம் ஒரு பட்டியல் வெளியிட்டது. பட்டியலில் இல்லாத எதுவும் எந்த ஆண்டும் வரலாம். 'ரிஸ்டிக் ஸ்டடி'யும் 2023-இல் மறுபதிப்பானது. எனவே இன்று பத்து டாலருக்கு விற்கும் சீட்டை நூறு பிரதி வாங்கி அடுக்குவது, எங்கள் கருத்தில், வியாபாரம் அல்ல, சூதாட்டம். வாரம் விற்கும் அளவுக்கு வைத்துக்கொள்ளும் கடைக்காரரை மறுபதிப்பு அவ்வளவாகப் பாதிக்காது.

கொள்முதலில் ஒரு சங்கடம் உண்டு. பெட்டியோடு வரும் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, கடைக்காரருக்குத் தெரியும். எண்ணிக்கை விலைக்கே வாங்கிவிட்டால் அன்றைக்கு நல்ல லாபம். ஆனால் அந்தப் பையன்தான் வாரக் கடைசியில் அதே கடை மேசையில் நண்பர்களோடு ஆட வருபவன். விற்ற சீட்டின் விலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்ப்பான். அதனால் பல கடைகள் வாங்கும் விலைப்பட்டியலை வெளிப்படையாக வைத்து, மதிப்புள்ள சீட்டுகளைத் தனியே பொறுக்கி, தனி விலை கொடுக்கின்றன. அவற்றின் கழிவு போக, மீதியைத்தான் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று எண்ணுகிறார்கள்.